காலையில் கிரகணம், மாலையில் பிறை: 2023 ஷவ்வால் குழப்பம் – ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஏப்ரல் 20, வியாழக்கிழமை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கடலோரத்தில் இருக்கும் எக்ஸ்மவுத் என்ற சிற்றூரில் காலை பதினொன்றரை மணிக்குப் பகல் அணைந்தது. பல மாதங்களுக்கு முன்பே இடம் பிடித்து, கூடாரம் அடித்துக் காத்திருந்த ஆயிரக்கணக்கானோரின் தலைக்கு மேலே நிலா சூரியனை முழுவதுமாக மூடியது. ஒரு நிமிடம் என்று சொல்லலாம். அதுவும் முழுதாக இல்லை. பிறகு விளிம்பில் ஒரு பொட்டு வெளிச்சம், மறுபடியும் பகல்.

அதே நிலாவைத்தான் அன்று மாலையே சவூதி அரேபியாவில் பிறையாகக் கண்டதாகச் சாட்சி சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் சாட்சியை ஏற்றது. மறுநாள் வெள்ளிக்கிழமை, ரமலானுக்கு அடுத்த மாதமான ஷவ்வாலின் முதல் நாள், நோன்புப் பெருநாள் என்று அறிவிப்பு வந்தது. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், பஹ்ரைன், எகிப்து எல்லாம் அதே வெள்ளிக்கிழமை. சவூதிக்கு வேலியடுத்த ஓமன் மட்டும் சனிக்கிழமை. ஈரான், பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசம், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், அந்தப் பக்கம் மொராக்கோ, எல்லாமே சனிக்கிழமை. இந்தோனேசியாவில் இரண்டு நாளும்.

பிறைச் சண்டை நமக்குப் புதிதல்ல. நோன்பு தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று, ஹஜ்ஜுக்கு ஒன்று என்று ஆண்டுக்கு மூன்று முறையாவது அது தலைதூக்கும். ஆனால் 2023 ஏப்ரலைத் தனியாக எடுத்துப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. வழக்கமாக "அமாவாசை எத்தனை மணிக்கு முடிந்தது" என்பது புத்தகத்துக் கணக்கு. நம்ப விரும்பாதவர் நம்பாமல் இருந்துவிடலாம். அன்று அப்படிச் செய்ய வழியில்லை. நிலா சூரியனுக்கு நேர் முன்னால் வந்து நின்றதை உலகமே நேரலையில் பார்த்தது. சூரிய கிரகணம் என்பதே கண்ணால் காணும் அமாவாசைதானே. கணக்கை நம்பாதவரும் கண்ணை நம்பியாக வேண்டிய நாள் அது.

பதினொன்றரை மணி நேரப் பிறை

பூமியின் மையத்திலிருந்து கணக்கிட்டால் அன்று சந்திரனும் சூரியனும் ஒரே தீர்க்கரேகையில் சேர்ந்த கணம் இந்திய நேரம் காலை 9.43 அளவில். நம் ஊர் பஞ்சாங்கம் வைத்திருந்தவர்கள் அன்றைய தாளைப் புரட்டியிருந்தால் சித்திரை அமாவாசை ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் முடிவதாகப் போட்டிருக்கும். முஸ்லிம் மாதத்துக்கும் பஞ்சாங்கத் திதிக்கும் வானத்தில் ஒரே ஒரு நிலாதான். சவூதி நேரப்படி அது காலை 7.13. மக்காவில் சூரியன் மறைந்தது மாலை ஆறே முக்கால் வாக்கில். ஆக, சாட்சிகள் வானத்தைப் பார்த்தபோது பிறைக்கு வயது பதினொன்றரை மணி நேரம்.

நிலா வானத்தில் சூரியனை விட்டு மணிக்கு ஏறத்தாழ அரை டிகிரி விலகிப் போகிறது. அதாவது ஒரு மணி நேரத்தில் தன் அகலம் அளவுக்கு. பதினொன்றரை மணி நேரத்தில் ஆறு டிகிரிக்குச் சற்று மேல். கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் மறைகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. சூரியன் இறங்கிய இடத்தில் வானம் இன்னும் தகதகவென்று இருக்கும்போது, அதற்கு மூன்று நான்கு விரல் மேலே, தலைமயிரைவிட மெல்லிய ஒரு கீற்றைப் பிடிக்க வேண்டும்.

பிரெஞ்சு வானியலாளர் ஆந்திரே தாஞ்ஜோன் 1930களில் இதை ஆராய்ந்து ஒரு எல்லை சொன்னார். சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே சுமார் 7 டிகிரி விலகல் இல்லாவிட்டால் பிறை என்று ஒன்று கண்ணுக்கு உருவாகவே செய்யாது. அந்த எல்லையில் அரை டிகிரி முன்னே பின்னே என்று பிறகு வந்தவர்கள் வாதாடியிருக்கிறார்கள். ஆனால் வெறுங்கண்ணால் பார்த்ததாகத் துறையினர் ஏற்றுக்கொண்ட மிக இளைய பிறைக்கு வயது பதினைந்தரை மணி நேரம். தொலைநோக்குக் கருவியின் துணையோடு ஈரானைச் சேர்ந்த முஹ்ஸின் மீர்சயீது 2002 செப்டம்பரில் பார்த்தது சுமார் 11 மணி 40 நிமிடப் பிறை. அதற்கு அவர் பயன்படுத்தியது தோளில் மாட்டிக்கொண்டு போகிற பைனாகுலர் அல்ல. 150 மில்லிமீட்டர் வாயுள்ள ராட்சத இரட்டைக்குழல். சவூதிச் சாட்சிகள் கண்டது உண்மையானால், அவர்கள் வெறுங்கண்ணால் அந்தக் கருவியின் சாதனையையே முறியடித்துவிட்டார்கள் என்று பொருள். யாரும் அதைச் சாதனையாகப் பதிவு செய்யக் கோரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

(கேமரா விஷயம் வேறு. தியரி லெகோ என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் 2013 ஜூலையில், சரியாக அமாவாசைக் கணத்திலேயே, பட்டப்பகலில், சூரிய ஒளியை மறைக்கும் தட்டி வைத்து அகச்சிவப்பு ஒளியில் பிறையைப் படம் எடுத்துவிட்டார். அதை "கண்டு" நோன்பு விடலாமா என்று கேட்டால் எந்த மௌலவியும் சிரிப்பார்.)

அபுதாபியில் இயங்கும் சர்வதேச வானியல் மையம் முன்கூட்டியே சொல்லியிருந்தது: வியாழன் மாலை அரபு நாடுகளில் வெறுங்கண்ணுக்குப் பிறை தெரிய வழியில்லை என்று. இந்த எச்சரிக்கையைவிட வலுவான சாட்சி ஒன்று மேற்கே இருந்தது: மொராக்கோ. அங்கே சூரியன் மறையும்போது பிறைக்கு வயது ஏறக்குறைய பதினைந்து மணி நேரம். மக்காவில் இருந்ததைவிட நிலா உயரமாகவும் சூரியனை விட்டு அதிகம் விலகியும் இருந்தது. மொராக்கோ ஒவ்வொரு மாதமும், ரமலான் மட்டுமல்ல, பன்னிரண்டு மாதமும், நாடு முழுவதும் ஆள் நிறுத்தி வெறுங்கண்ணால் பிறை பார்க்கிற நாடு. இந்த விஷயத்தில் அதற்கு நிகரான ஒழுங்கு வேறெங்கும் இல்லை என்றே நினைக்கிறேன். அன்று அவர்கள் பார்த்தார்கள், தெரியவில்லை என்றார்கள், பிறை தெரியாததால் ரமலானை முப்பது நாளாகப் பூர்த்தி செய்து சனிக்கிழமை பெருநாள் கொண்டாடினார்கள். மூன்றரை மணி நேரம் முந்திய, இன்னும் மெலிந்த பிறை ரியாதுக்குத் தெரிந்ததாம். வளர்ந்த பிறை காஸாபிளாங்காவுக்குத் தெரியவில்லை. விண்ணியல் படிக்காதவருக்கும் இது உறுத்தும்.

காஜியின் வேலை

சாட்சிகள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. பிறை பார்க்கக் கூடியிருக்கும் கூட்டத்தில் ஒரு முறையாவது நின்றவருக்குத் தெரியும், "அதோ!" என்று ஒருவர் விரல் நீட்டினால் அடுத்த பத்து நொடிக்குள் நான்கு பேருக்குத் தெரிந்துவிடும். எனக்கே தெரிந்திருக்கிறது. சின்ன வயதில் மாடியில் வாப்பாவின் முழங்கைக்கு மேலாகப் பார்த்து "தெரியுது வாப்பா" என்று கத்தியிருக்கிறேன். அவர் காட்டியது தென்னங்கீற்றுக்கு இடதுபுறம், நான் பார்த்துக்கொண்டிருந்தது வலதுபுறம். அன்று அவருக்கும் தெரியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

இப்படி நடக்கும் என்பது நம் முன்னோருக்கு நன்றாகவே தெரியும். இராக்கிலுள்ள பஸ்ராவின் காஜியாக, அதாவது மார்க்க நீதிபதியாக இருந்த இயாஸ் இப்னு முஆவியா பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. முதுமை எய்திவிட்ட நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்கள் கூட்டத்தோடு பிறை பார்க்கப் போகிறார். "அதோ கண்டேன்" என்கிறார். வேறு யாருக்கும் தெரியவில்லை. மறுக்கவும் முடியாது, நபிகளாருக்குப் பத்தாண்டு பணிவிடை செய்தவர். இயாஸ் அருகில் வந்து உற்றுப் பார்க்கிறார். புருவத்தில் ஒரு நரைமுடி வளைந்து கண்ணுக்கு முன்னால் தொங்குகிறது. அதை மெல்ல ஒதுக்கிவிட்டு, "இப்போது பாருங்கள், அபூ ஹம்ஸா, பிறை எங்கே?" என்கிறார். "இப்போது தெரியவில்லையே" என்கிறார் அனஸ்.

காஜியின் வேலை அதுதான். சாட்சியின் நாணயத்தைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது அல்ல, சாட்சியின் புருவத்தைப் பார்ப்பது. நம் ஊர்களில் பழைய காஜிகள் கேட்கும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள்: பிறை சூரியன் விழுந்த இடத்துக்கு வடக்கே இருந்ததா, தெற்கேயா? கொம்பு எந்தப் பக்கம் பார்த்தது? மஃக்ரிபுக்கு (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகைக்கு) முன்பா, பின்பா? எவ்வளவு நேரம் நின்றது? கொம்பு சூரியனை நோக்கி வளைந்திருந்தது என்று ஒருவர் சொன்னால் அங்கேயே சாட்சி கழிந்துவிடும். பிறையின் முதுகுதான் எப்போதும் சூரியனைப் பார்க்கும். இதுவும் ஒரு கணக்கே.

இந்த இடத்தில்தான் வழக்கின் உண்மையான முடிச்சு இருப்பதாக எனக்குப் படுகிறது. "கண்ணா, கணக்கா" என்று மேடைதோறும் விவாதிக்கிறோம். அது பொய்ச் சண்டை. தொழுகை நேரத்தைச் சுவரில் தொங்கும் அட்டவணையைப் பார்த்துத்தான் எல்லோரும் தீர்மானிக்கிறோம். நிழலை அளந்து அஸர் தொழுகிறவர் எத்தனை பேர்? கேட்க வேண்டிய கேள்வி இன்னும் குறுகியது: மாதத்தைத் தொடங்கக் கணக்கு வேண்டாம், கண்தான் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நடக்கவே முடியாத ஒன்றைக் கண்டதாக ஒருவர் சொல்லும்போது, அந்தச் சாட்சியைத் தள்ளுவதற்குக் கணக்கைப் பயன்படுத்தலாமா, கூடாதா?

இதற்கு 14ஆம் நூற்றாண்டிலேயே பதில் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். டமாஸ்கஸின் தலைமைக் காஜியாக இருந்த, ஷாஃபி என்ற சட்டப் பள்ளியை (மத்ஹபை) சேர்ந்த அறிஞர் தகீயுத்தீன் சுப்கி. கணக்கு உறுதியான அறிவு, சாட்சி ஊகத்தின் பாற்பட்டது; உறுதிக்கு எதிராக ஊகம் நிற்காது; ஆகவே பிறை தெரியவே முடியாது என்று கணக்கு காட்டினால் சாட்சியைத் தள்ளிவிட வேண்டும் என்றார். அதே டமாஸ்கஸில் அவருக்கு ஒரு தலைமுறை முன்பு வாழ்ந்த இப்னு தைமியா, பிறை விஷயத்தில் கணக்கர்களை நம்பக் கூடாது என்று கடுமையாக எழுதியவர். ஷாஃபி மத்ஹபுக்குள்ளும் சுப்கியை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனாலும் காயல்பட்டினத்திலிருந்து நாகூர் வரை கடலோரம் முழுவதும் ஷாஃபிகளாக இருக்கிற நம்மில், பிறை விவாதத்தில் அவர் பெயரை உச்சரிப்பவர் மிகக் குறைவு என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

சவூதியில் நடப்பது இன்னும் விசித்திரம். அங்கே அரசு நிர்வாகத்துக்கு உம்முல் குரா நாட்காட்டி இருக்கிறது. 2002இலிருந்து அதற்கு இரண்டு விதிகள்: 29ஆம் நாள் சூரியன் மறைவதற்குள் அமாவாசைக் கணம் கடந்துவிட வேண்டும், மக்காவில் சூரியனுக்குப் பிறகு நிலா மறைய வேண்டும். இரண்டும் நிறைவேறினால் மறுநாள் புது மாதம். பிறை கண்ணுக்குத் தெரியுமா என்ற கேள்வியே அதில் இல்லை. தெரியாவிட்டாலும் நிலா தொடுவானத்துக்கு மேலே ஒரு நிமிடம் இருந்தால் போதும். இது பணிநாள் கணக்குக்கான நாட்காட்டி. ரமலான், ஷவ்வால், துல்ஹஜ் மூன்றையும் உச்ச நீதிமன்றம் சாட்சியை வைத்துத்தான் அறிவிக்கும். விதி அப்படி. ஆனால் 2023 ஷவ்வாலுக்கு அச்சிட்ட நாட்காட்டி எந்தத் தேதியைச் சொன்னது? ஏப்ரல் 21. சாட்சிகள் கண்டதும் அதற்கு முந்தைய மாலை. அச்சிட்ட தேதி ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. விமான டிக்கெட்டும் விடுமுறையும் அதை ஒட்டியே. அந்த மாலை மேற்கே திரும்பி நிற்கும் கண்ணுக்கு, எதைத் தேட வேண்டும் என்பது மட்டுமல்ல, கிடைத்துவிடும் என்பதும் முன்பே தெரியும். புருவமுடியை ஒதுக்கிவிட அங்கே இயாஸ் இல்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை என்ற தேதியே தவறு என்று நான் சொல்லவில்லை. துருக்கியின் சமய விவகாரத் துறை கண்ணை நம்பி நிற்பதில்லை. உலகில் எங்காவது ஓரிடத்தில் பிறை தெரியும் அளவுக்கு உயர்ந்தும் விலகியும் இருந்தால் மறுநாள் எல்லோருக்கும் மாதம் பிறந்துவிடும் என்று கணக்கிடுகிறது. வட அமெரிக்க ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) கவுன்சிலும் கணக்கையே கொள்கிறது. இருவருக்கும் ஏப்ரல் 21தான் பெருநாள். மாதங்களுக்கு முன்பே அறிவித்தும் விட்டார்கள். சூரியன் அமெரிக்காவின் மேற்குக் கரையில் மறையும்போது பிறைக்கு வயது இருபது மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. அங்கே அது உண்மையிலேயே தெரியக்கூடிய பிறை. "உலகுக்கு ஒரே பிறை" என்ற கொள்கைக்காரருக்கு அந்தத் தேதியில் குறையே இல்லை. குறை, கலிஃபோர்னியாவில் பிறை தெரிவதற்குப் பல மணி நேரம் முன்பே ரியாதில் சாட்சி வந்துவிட்டதில் இருக்கிறது. பதில் சரி, வழிமுறை தப்பு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் இதற்கு மதிப்பெண் போடமாட்டார்.

ஜகார்த்தாவின் இரண்டு பெருநாள்

இந்தோனேசியாவில் 29ஆம் நாள் மாலை நடக்கும் அமர்வை ஒரு முறையாவது பார்க்க வேண்டும். சமய அமைச்சகத்தில் உலமாக்கள், அமைப்புகளின் பிரதிநிதிகள், விண்ணியலாளர்கள் எல்லோரும் கூடுவார்கள். திரையில் வரைபடம் போட்டு, நாட்டின் ஒவ்வொரு முனையிலும் நிலா எத்தனை பாகையில் நிற்கும் என்று முதலில் விளக்கம். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நிற்கும் பார்வையாளர்களிடமிருந்து தகவல். கதவை மூடி ஆலோசனை. பிறகு அமைச்சர் வந்து அறிவிப்பார். நாடே தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருக்கும்.

அன்று இந்தோனேசியாவின் எந்த முனையிலும் நிலாவின் உயரம் இரண்டரை டிகிரியைத் தொடவில்லை. கிரகணத்தின் பாதை அவர்கள் நாட்டின் பாப்புவாப் பகுதியையே தொட்டுச் சென்றதால், பலர் பகலில் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்த நிலா அது. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், புருணை நான்கும் சேர்ந்து வைத்திருக்கும் அளவுகோல்படி உயரம் 3 டிகிரி, விலகல் 6.4 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் யார் வந்து சாட்சி சொன்னாலும் எடுபடாது. அமைச்சர் யாகூத் சோலில் கூமாஸ் சனிக்கிழமை என்று அறிவித்தார். சுப்கி சொன்னதை அப்படியே நடைமுறைப்படுத்தும் இடம் இது.

ஆனால் கோடிக்கணக்கானோர் சார்ந்திருக்கும் முஹம்மதியா இயக்கம் வெள்ளிக்கிழமையே கொண்டாடியது. அவர்கள் கேட்ட கேள்வி வேறு: நிலா தெரியுமா என்பதல்ல, சூரியன் மறையும்போது நிலா தொடுவானத்துக்கு மேலே இருக்கிறதா? இருக்கிறது. அப்படியென்றால் மாதம் பிறந்துவிட்டது. ஏறக்குறைய உம்முல் குராவின் விதிதான். ஒரு வித்தியாசம், முஹம்மதியா இதைக் கணக்கு என்றே சொல்லிக் கணக்காகவே அறிவிக்கிறது. யாரும் போய்ப் பார்த்ததாகச் சொல்வதில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த இயக்கத்துக்குக் கணக்கினால் வரும் தொல்லை பழக்கமானதும்கூட. 1912இல் அதைத் தொடங்கிய அஹ்மத் தஹ்லான், அதற்கும் முன்பே யோக்யகர்த்தாவில் கிப்லாவின், அதாவது தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின், திசையைக் கணக்கிட்டுத் திருத்தப்போய், தன் சிறிய தொழுகை இடத்தையே இடிக்கக் கொடுத்தவர்.

2023இல் இடிப்பு நடக்கவில்லை. ஆனால் மைதானம் கிடைக்கவில்லை. பெக்கலோங்கான், சுகபூமி ஆகிய ஊர்களில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நகரத் திடலைத் தர நிர்வாகங்கள் முதலில் மறுத்தன. மாறுபட்ட நாளில் தொழுகிறவர்களுக்கும் இடம் கொடுங்கள் என்று அமைச்சரே வேண்டுகோள் விட வேண்டியதாயிற்று. அதைவிட மோசமானது, அரசு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஒரு விண்ணியல் ஆய்வாளர், அரசின் தேதியை ஏற்காத முஹம்மதியாக்காரர்களைக் கொன்றுவிடுவேன் என்கிற பொருளில் சமூக ஊடகத்தில் எழுதி, அந்த மாத இறுதியிலேயே கைதானார். பாகை, கலை என்று துல்லியம் பேசும் ஒருவருக்கு வாய் மட்டும் துல்லியமாக இல்லை.

2011இல் இன்னொரு கூத்து. அச்சிட்ட நாட்காட்டிகள் எல்லாம் ஆகஸ்டு 30 பெருநாள் என்று போட்டிருந்தன. 29ஆம் தேதி பிற்பகலே வீட்டுப் பெண்கள் தென்னையோலைப் பொதியில் சோறு கட்டி வேகவைத்து, தேங்காய்ப்பாலில் கோழியும் சமைத்து முடித்துவிட்டார்கள். மாலையில் ஜகார்த்தாவின் சாக்குங்கிலிருந்தும் ஜாவாவின் ஜெபாராவிலிருந்தும் பிறை கண்டதாகச் சாட்சி வந்தது. நிலா இரண்டு டிகிரிகூட உயரவில்லை என்று அமைச்சகம் தள்ளிவிட்டது. பெருநாள் 31 என்று அறிவிப்பு. அண்டை நாடான மலேசியாவும் சிங்கப்பூரும் 30ஆம் தேதியே கொண்டாடிக்கொண்டிருக்க, இங்கே தேங்காய்ப்பால் குழம்பு இன்னொரு நாள் தாங்க வேண்டும். தேங்காய்ப்பால் தாங்குமா? சமைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாட்சியைத் தள்ளியது சரியான முடிவு என்றே நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த இரவு எந்த வீட்டிலும் அதைச் சத்தமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

நம் வீட்டுக்குள்

தமிழ்நாட்டில் அரசு தலைமைக் காஜியின் அறிவிப்புப்படி சனிக்கிழமை பெருநாள். சென்னையில் வியாழன் மாலை சூரியன் மறையும்போது பிறைக்கு ஒன்பது மணி நேரம்கூட ஆகவில்லை. உலகில் எங்கே பிறை கண்டாலும் போதும் என்கிற சர்வதேசப் பிறைக்காரர்கள் வழக்கம்போல வெள்ளிக்கிழமையே திடலுக்குப் போய்விட்டார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் பிரியாணி மணக்க, எதிர்வீட்டில் நோன்புக்கஞ்சிக்கு அரிசி களைவது நமக்கு இப்போது பழகிவிட்டது. எங்கள் குடும்பத்திலேயே மச்சான் வெள்ளிக்கிழமை புதுச்சட்டையோடு வந்து வாசலில் நின்றார். நான் நோன்பாளி. கட்டித் தழுவிக்கொண்டோம். வாழ்த்துச் சொன்னேன். உள்ளே அழைத்துப் பாயசம் கொடுக்கத்தான் ஆளில்லை; அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

தத்தம் பகுதிப் பிறை என்போர் கையில் குரைபின் ஹதீஸ் இருக்கிறது. சிரியாவில் வெள்ளியிரவு ரமலான் பிறை கண்டுவிட்டு மதீனா வந்தார் குரைப். "நாங்கள் சனியிரவுதான் கண்டோம், நாங்கள் காணும்வரை அல்லது முப்பது முடியும்வரை நோன்பு பிடிப்போம்" என்றார் மதீனாவிலிருந்த நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி). "சிரியாவில் ஆட்சி செய்யும் முஆவியா கண்டது போதாதா?" என்று கேட்டார் குரைப். "போதாது. நபிகள் நாயகம் (ஸல்) எங்களுக்கு இப்படித்தான் கட்டளையிட்டார்கள்." எதிர்த்தரப்பு, அன்று செய்தி வர ஒரு மாதம் ஆனது, இன்று ஒரு நொடி என்கிறது. இரண்டுக்கும் மார்க்கத்தில் இடம் உண்டு. இதில் நான் யார் பக்கம் என்பது முக்கியமில்லை. ஆனால் சர்வதேசப் பிறை என்று சொல்லிக்கொண்டு ஒரு நாட்டின் அறிவிப்பை மட்டும் கேட்பது சர்வதேசம் ஆகாது. மொராக்கோவும் சர்வதேசம்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை மஃக்ரிபுக்குப் பிறகு மாடிக்குப் போனேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. மேற்கே உயரத்தில் வெள்ளி பளிச்சென்று நிற்க, அதற்குக் கீழே ஒரு முழம் தள்ளி, முதுகைச் சூரியன் போன பக்கம் காட்டியபடி பிறை. பக்கத்து மாடியிலிருந்த முஸ்லிம் அல்லாத பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மூன்றாம் பிறை தம்பி, பார்த்தால் நல்லது" என்றார். அமாவாசை முடிந்து அதற்குள் முப்பத்து மூன்று மணி நேரம். நம் மொழி "மூன்றாம் பிறை" என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தொழுகிறது. முதல் பிறையைப் பார்ப்பதாக ஒரு வழக்கமே இல்லை. ஏன் என்று அந்தப் பாட்டியைக் கேட்டிருந்தால் தாஞ்ஜோனை விடத் தெளிவாகச் சொல்லியிருப்பார்.

மீண்டும்

அதன் பிறகு முஹம்மதியா தன் விதியையே மாற்றிக்கொண்டது. ஹிஜ்ரி 1447 முஹர்ரத்திலிருந்து, அதாவது 2025 ஜூன் கடைசியிலிருந்து, 2016 இஸ்தான்புல் மாநாட்டில் முன்வைத்த உலகளாவிய ஒற்றை நாட்காட்டிக்கு மாறிவிட்டது. உலகில் எங்காவது பிறை 5 டிகிரி உயரமும் 8 டிகிரி விலகலும் பெற்றால் போதும் என்பது அதன் சாரம். இந்தோனேசிய அரசு பழையபடியே.

சவூதியும் பழையபடியே. 2025 மார்ச் 29 அன்று மறுபடியும் சூரிய கிரகணம். இந்த முறை பகுதி கிரகணம், அட்லாண்டிக்கின் வடபகுதியை ஒட்டி. அமாவாசைக் கணம் சவூதி நேரம் பிற்பகல் 1.58. மக்காவில் அன்று மாலை பிறைக்கு வயது நான்கரை மணி நேரம். 2023இன் பதினொன்றரை மணி நேரப் பிறை அதற்கு முன்னால் கிழவன். உம்முல் குரா நாட்காட்டி மார்ச் 30 என்று அச்சிட்டிருந்தது. பிறை தெரிந்துவிட்டது என்று அறிவிப்பும் வந்தது. 2023இல் சவூதியோடு சேர்ந்து கொண்டாடிய எகிப்து இந்த முறை சேரவில்லை. ஜோர்டானும் சிரியாவும் எகிப்தோடு சேர்ந்து மார்ச் 31க்குப் போயின.

2027 ஆகஸ்டு 2 அன்று முழுச் சூரிய கிரகணம் ஒன்று வருகிறது. அதன் பாதை எகிப்தின் லக்ஸரைத் தாண்டி, செங்கடலைக் கடந்து, ஜித்தா வழியாக மக்காவின் மீதே செல்கிறது. பிற்பகலில் கஅபாவின் மேல் ஐந்து நிமிடம் இருள் கவியும். கஅபாவைச் சுற்றியுள்ள பெரிய பள்ளிவாசலான ஹரமில் கிரகணத் தொழுகை நடக்கும். அன்று மாலை பிறக்கப்போவது ரமலானோ ஷவ்வாலோ அல்ல, ரபீஉல் அவ்வல். ஆகவே அந்த ஆறு மணி நேரப் பிறையைப் பார்த்ததாகச் சொல்ல யாரும் நீதிமன்றத்துக்குப் போகப்போவதில்லை.